குடல் தையலும் தலைவிதியும்



சாவு வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சொன்று உண்டு. "டாக்டர் நன்றாகத்தான் குடலைத் தைத்தார், ஐந்தாம் நாள் தையல் விட்டுவிட்டது, அவன் விதி அவ்வளவுதான்" என்பார்கள். தையல் ஏன் விட்டது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அதைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

குடல் துணியல்ல. நூல் சில நாளைக்குப் பிடித்துக் கொடுக்கிறது, அவ்வளவே. ஒட்ட வேண்டியது சதை. குடல் விளிம்பை உட்பக்கமாக மடித்து, வெளி ஜவ்வோடு வெளி ஜவ்வு படும்படி தைத்தால் ஒட்டிக்கொள்ளுமென்று 1826-இல் பாரிஸ் நகரத்து லெம்பேர் காட்டினார். உள் ஜவ்வுக்கு அடியிலுள்ள நார்ப்படலத்தில் ஊசி ஏறினால்தான் தையல் நிற்குமென்று 1887-இல் அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்பவர் நாய்களிடம் சோதித்துச் சொன்னார். இவர்கள் எந்த ரிஷியையும் கேட்டுச் சொன்னவர்களல்ல.

ஒட்டுவதற்கு நல்ல இரத்தவோட்டம் வேண்டும், இழுவை கூடாது, கீழே அடைப்புக் கூடாது. டைபாய்டில் குடல் ஓட்டையாகி, இரண்டு மூன்று நாள் வீட்டில் திருநீறு பூசிக் கிடந்து, வயிறெல்லாம் மலமும் சீழும் பரவிய பிறகு வருகிறவனுக்கு இதெல்லாம் எங்கே இருக்கும்? குடல் வீங்கி, நனைந்த காகிதம் போலாகிவிடும். இரத்த அழுத்தம் விழுந்தால் உடம்பு மூளையையும் இருதயத்தையும் காப்பாற்றக் குடலைப் பட்டினி போடும். சாதாரணத் தையலே முதல் மூன்று நான்கு நாட்களில்தான் மிகப் பலவீனம். புதுச் சதை ஊறுமுன் பழைய நார் கரைகிறது. சீழ் அந்தக் கரைப்பை அதிகமாக்கும். ஐந்தாம் நாள் இரகசியம் இதுதான். சனிபகவானுக்கு இதில் வேலையே இல்லை.

ஆகவே விஷயம் தெரிந்த டாக்டர் என்ன செய்கிறார்? ஓட்டை சிறிதாய், ஆள் சீக்கிரம் வந்து, இரத்த அழுத்தமும் சரியாக இருந்தால் தைத்துவிடுகிறார். இல்லையேல் கெட்ட பாகத்தை வெட்டி, வயிற்றைக் கழுவி, குடல் முனையைத் தோலுக்கு வெளியே வாயாக வைத்துப் பை மாட்டுகிறார். வெட்டிய குடலைச் சேர்க்காமல் இப்படி விடும் முறையை 1921-இல் பிரான்சு தேசத்து ஆர்ட்மான் புற்றுநோய்க்குச் செய்தார். பிறகு அது சீழ் வயிற்றுக்கும் வந்தது. உடம்பு தேறிய சில மாதங்களுக்குப் பின் குடலைச் சேர்க்கலாம். சேர்க்காத இடத்தில் ஒழுக்கு ஏது?

இங்கேதான் நம் ஜனங்கள் குறுக்கே விழுகிறார்கள். "ஐயோ, வயிற்றிலே மலமா! தீட்டாயிற்றே, யார் பெண் கொடுப்பார்கள்? எப்படியாவது உள்ளேயே தைத்துவிடுங்கள்" என்று டாக்டர் காலில் விழுகிறார்கள். மலம் எல்லார் வயிற்றிலும் இருக்கிறது, சாஸ்திரிகள் வயிறு உள்பட. அது ஒருபுறமிருக்க, கஷ்டமே இல்லையென்று நாம் பொய் சொல்லவில்லை. தோல் புண்ணாகும்; சிறுகுடலானால் நீரும் உப்பும் வெகுவாய்ப் போகும்; பைக்குப் பணம் வேண்டும்; மறு ஆபரேஷனுக்கும் அபாயமுண்டு; சிலருக்குச் சேர்க்க முடியாமலே போவதுமுண்டு. ஆனால் ஆள் உயிரோடிருந்தால்தானே இந்தக் கஷ்டமெல்லாம்?

டைபாய்டு ஜுரம் இரண்டு மூன்று வாரமாய் இருக்கையில் திடீரென்று வயிற்றுவலி வந்து, வயிறு பலகை போல் இறுகினால், இராகுகாலம் பாராமல் அந்த மணியிலேயே வண்டி கட்டுங்கள். டாக்டர் பை வைக்க வேண்டுமென்றால், வேண்டாமென்று அழாமல், திரும்ப எப்போது சேர்ப்பீர்களென்று கேளுங்கள்.