ராணி ஜான்சிப் படையிலிருந்து ஆசிரியைகள் சங்கம் வரை

(கிளை மாதர் பகுதிக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பட்டாளம் என்றதும் நம் கண்முன் வருவது மீசையும் துப்பாக்கியும்தான். நான் பேசப்போவதோ ஈப்போவிலிருந்து பதினாறு வயதில் படைக்குப் போன ஒரு பெண்ணைப் பற்றி. ராசம்மா பூபாலன் என்பது அவர் பெயர். 1927ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி பிறந்தவர். தொழிலாளர் தினத்தில் பிறந்தவர் பிற்காலத்தில் ஒரு தொழிற்சங்கத்தையே தொடங்கினார் என்பது தற்செயலாக அமைந்த பொருத்தம்.

அவர் படைக்குப் போன காலம் எப்படிப்பட்டது என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்து, நம் பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்து, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடு என்றும் கேட்டார்கள். துரைக்கு மட்டுமல்ல, கிராணிக்கும் சைக்கிளை விட்டு இறங்கத்தான் வேண்டியிருந்தது. நானும் ஒரு கிராணி என்பதால் இதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த வேலைநிறுத்தம் பட்டாளத்தைக் கொண்டு அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியன் வந்துவிட்டான்.

அதன் பிறகு அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் எழுபதினாயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். போனவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவேயில்லை.

இந்த நிலையில் 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கினார். அந்த மாதம் 12ஆம் தேதி மாதர் கூட்டத்தில் பேசியபோது, பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். 1858இல் போர்க்களத்தில் மடிந்த ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயரையே அப்படைக்கு வைத்தார்கள். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. ராசம்மாவும் அவருடைய அக்காள் பொன்னம்மாவும் அந்தப் படையில் சேர்ந்தார்கள்.

தாய்மார்களே, ஒன்றை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் படையில் படித்த வீட்டுப் பெண்கள் சிலரே. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போனவர்களே அதிகம். காலையில் பால் மரம் சீவிய கை மாலையில் துப்பாக்கி பிடித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு முகாமில் இந்துஸ்தானி சொல்லிக்கொடுத்தார்கள். காக்கிக் கால்சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்துப் பெண் நடப்பதை அதற்கு முன் இந்த நாடு பார்த்ததில்லை.

ஜப்பானியனோடு சேர்ந்த படைதானே என்று குறை சொல்வோர் உண்டு. நம்மவரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனவனின் தயவில் அந்தப் படை நின்றது என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டினிக்கும் சயாமுக்கும் நடுவே நின்ற தொழிலாளிக்கு யார் வேறு வழி காட்டினார்கள்? "நீயும் மனிதன், நிமிர்ந்து நில்" என்று அவனிடம் சொன்ன இடம் அது. அந்த நிமிர்வு யுத்தத்துக்குப் பிறகு தோட்டத்துக்குத் திரும்பி வந்தது. 1946க்குப் பின் சங்கம் கட்டியவர்களிடையே இந்தியத் தேசிய ராணுவத்தில் இருந்தவர்கள் பலர் இருந்ததற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

ராசம்மா பர்மாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். பெண்கள் படை முன்னணிக்குப் போய்ச் சுட்டு வீழ்த்தியது என்று மேடைகளில் சொல்லப்படுவது மிகை. 1944இல் இம்பால் தாக்குதல் தோற்றது. காயத்தோடும் மலேரியாவோடும் திரும்பிய வீரர்களுக்கு மேமியோவில் அந்தப் படையினர் பணிவிடை செய்தார்கள். குண்டுவீச்சுக்கு நடுவே செய்த வேலை அது. பின்வாங்கி வரும் வழியில் ரயில் தாக்கப்பட்டபோது ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு பெண்கள் உயிரிழந்தார்கள். போஸ் 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது ராணிப் படையின் ஒரு பகுதியினர் மழையிலும் சேற்றிலும் இரவு இரவாக அவரோடு நடந்தார்கள். நம் கோலாலம்பூர் ஜானகி தேவர் அந்தப் படையின் தலைவியரில் ஒருவர்.

பட்டாளக் கதை இவ்வளவுதான். ராசம்மாவின் வாழ்க்கையில் அது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. பொதுவாக இந்த இடத்தில் கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கோ இதற்குப் பிந்திய கதைதான் முக்கியமாகப் படுகிறது.

யுத்தம் முடிந்ததும் அவர் மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தார். பட்டம் பெற்று ஆசிரியையானார். அந்தக் காலத்தில் ஆசிரியைகளின் நிலை என்ன? ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே மணி நேரம். ஆனால் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். கல்யாணம் செய்துகொண்டால் நிரந்தர உத்தியோகம் போய்த் தற்காலிக உத்தியோகம் ஆகிவிடும். கழுத்தில் தாலி ஏறினால் பென்ஷன் இறங்கிவிடும் என்று சொல்லலாம்.

இது தோட்டத்துக்குப் புதிய சங்கதியா? 1920களின் கடைசியில் சர்க்கார் தோட்டக் கூலியை நிர்ணயித்தபோது, முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மந்தம் வந்தபோது அதுவும் குறைந்தது. பெண் வெட்டிய மரத்தில் பால் குறைவாகவா வடிந்தது? அரிசிக் கடையில் அவளுக்குக் குறைந்த விலையா சொன்னார்கள்? அந்தப் பத்துக் காசு யார் பைக்குப் போயிற்று என்று கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆசிரியர் சங்கங்கள் அப்போது இல்லாமல் இல்லை. ஆனால் ஆண்களின் கோரிக்கைப் பட்டியலில் பெண்களின் கோரிக்கை எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். ராசம்மா 1960இல் மலாயா கூட்டரசின் ஆசிரியைகள் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவியானார். கூட்டம் போடுவது, உறுப்பினர் சேர்ப்பது, மனு எழுதுவது, மந்திரியைப் பார்ப்பது, பதில் வராவிட்டால் திரும்ப எழுதுவது என்று வேலை நடந்தது. பட்டாளத்தில் இருந்தவருக்கு இது சலிப்பூட்டும் வேலையாக இருந்திருக்கும் என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடைப்பயணத்தில் பழகிய கால்கள் எளிதில் ஓய்வதில்லை.

1963இல் பல மாதர் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசிய மாதர் சங்கங்களின் மன்றம் அமைந்தபோது, அதைக் கட்டியவர்களிலும் அவர் ஒருவர். ஆசிரியைகள் கேட்டதை மற்ற உத்தியோகப் பெண்களும் சேர்ந்து கேட்டார்கள். கடைசியில் 1969இல் சர்க்கார் உத்தியோகத்தில் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. சங்கம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள்! பர்மாவுக்குப் போய்வந்ததைப்போல் நான்கைந்து மடங்கு காலம். நம் கிளையில் மூன்று மாதம் பதில் வராவிட்டால் "சங்கம் என்ன கிழித்தது?" என்று கேட்கிற தோழர்கள் இந்த ஒன்பதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியில் பல ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்தார். போதைப்பொருளுக்கு எதிரான பெமாடம் இயக்கத்தில் உழைத்தார். இளம் கிறிஸ்துவ மாதர் சங்கத்தில் வசதியற்ற பெண்பிள்ளைகள் கைத்தொழில் கற்க ஒரு பயிற்சி நிலையத்தை உருவாக்கினார்.

இனி என் மனத்தை உறுத்துகிற ஒரு விஷயம். ராசம்மா ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். யுத்தம் முடிந்ததும் அவருக்குத் திரும்பிப்போக ஒரு பள்ளி இருந்தது. அவர் பக்கத்தில் நின்று அதே பயிற்சி எடுத்த தோட்டத்துப் பெண்ணுக்கு என்ன இருந்தது? லயமும் பெரட்டும்தான் இருந்தன. அவள் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி வாளியைத் தூக்கினாள். அவள் பெயர் செக்ரோலில் இருந்திருக்கும், சரித்திரத்தில் இல்லை. ஒரே படையில் இருந்தவர்களை இப்படிப் பிரித்தது வீரம் அல்ல, படிப்பு. தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களின் நினைவு வருகிறது. நானும் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவன்.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் இருந்த இடத்தில் வீட்டு மனைகள் வந்துவிட்டன. அந்தப் படையில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பட்டணத்துக்குச் சிதறிவிட்டார்கள். உங்கள் வீட்டில் பாட்டி, அத்தை யாராவது "நான் நேதாஜி படையில் இருந்தேன்" என்று சொல்லியிருந்தால், பழைய படம் ஒன்று இருந்தால், ஒரு வரி எழுதினாலும் சரி, கிளை அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். சம்பளச் சீட்டு எழுதுகிற கைக்கு இது பெரிய பாரமில்லை.

இன்னொன்று. நம் கிளையில் சந்தா கட்டுகிறவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று ரசீதுப் புத்தகம் சொல்லும். செயற்குழு மேசையைச் சுற்றி எத்தனை பேர் பெண்கள் என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, நிறைக்குப் போய்ப் பால் எடுத்து வருகிறவளுக்குக் கூட்டத்தில் உட்கார நேரமில்லை என்று தோழர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைக்காமல் ஞாயிறு மாலைக்கு மாற்றுவோம். அதற்கான தீர்மானத்தை நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வழிமொழிய ஒரு தாயார் எழுந்தால் போதும். வேட்புமனுத் தாள்களும் செயலாளரிடம் இருக்கின்றன.