ஒரே திண்ணையில் நான்கு மாணவர்கள்



எத்தியோப்பியாவின் வடக்கே கோந்தர் என்று ஒரு மலை நகரம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் அந்த நாட்டு மன்னர்களுக்குத் தலைநகராக இருந்த ஊர். அவர்கள் கட்டிய கல்கோட்டைகள் இன்றும் நிற்கின்றன. நகரத்துக்குத் தெற்கே நிலம் சரிந்து இறங்கி, தானா ஏரியின் கரையில் தெம்பியா என்ற சமவெளியாக விரிகிறது. 1953-ல் அந்தச் சமவெளியில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியது. ஊர் ஊராகச் சாவு விழுந்தது. அன்றைக்கு எத்தியோப்பியாவில் ஒரு மருத்துவக் கல்லூரிகூடக் கிடையாது. தலைநகர் அடிஸ் அபாபாவில் மருத்துவப் படிப்பு வந்ததே 1960-களின் நடுவில்தான். இருந்த சில டாக்டர்களிலும் பெரும்பாலோர் வெளிநாட்டவர். அவர்களும் நகரங்களை விட்டு நகரவில்லை.

இப்படிப்பட்ட நாட்டில் அரசு முதலில் எதைத் தொடங்கும்? மருத்துவக் கல்லூரியைத்தான் தொடங்கும் என்று நாம் நினைப்போம். எத்தியோப்பியா அப்படிச் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்க அரசு ஆகியவற்றின் உதவியோடு 1954-ல் கோந்தரில் ஒரு பொதுச் சுகாதாரக் கல்லூரியைத் திறந்தது. அங்கே யாருக்கும் டாக்டர் பட்டம் கிடையாது. மூன்று விதமான ஆட்களைத் தயார் செய்தார்கள். ஒருவர் ஹெல்த் ஆபிசர்: நோய் பார்ப்பார், மருந்து கொடுப்பார், சுகாதார நிலையத்தை நடத்துவார். இன்னொருவர் சமூகச் செவிலியர்: பிரசவம், குழந்தை, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது இவர் பொறுப்பு. மூன்றாமவர் சுகாதார ஆய்வாளர்: ஊற்று, கிணறு, கழிப்பிடம், கொசு எல்லாம் இவர் கணக்கு. பின்னால் ஆய்வகத்தில் ரத்தம் பார்ப்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இத்தனை பேரையும் ஒரே வளாகத்தில் படிக்கவைத்ததில் பெரிய புதுமை இல்லை. படிப்பின் கடைசிக் கட்டத்தில் செய்ததுதான் புதுமை. மூன்று தரப்பு மாணவர்களையும் ஒரே குழுவாக்கி, கொல்லா திபா போன்ற கிராமத்துப் பயிற்சிச் சுகாதார நிலையங்களுக்கு அனுப்பினார்கள். அங்கேயே தங்கி, அங்கேயே வேலை பார்த்துப் பயில வேண்டும். படிப்பு முடிந்த பிறகு நாட்டில் 50,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம் அமைத்து, அதில் இதேபோன்ற ஒரு குழுவை வேலைக்கு அமர்த்துவது என்பது திட்டம். அதாவது சேர்ந்து பயிலவேண்டும், பிறகு சேர்ந்தே வேலைக்கும் போகவேண்டும். இந்த இரண்டாவது பாதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க இந்த யோசனையைப் பின்னால் எடுத்துக்கொண்டவர்கள் பலரும் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சரி, சேர்ந்து பயிலும்போது அப்படி என்னதான் கிடைக்கிறது? எத்தியோப்பியாவை விட்டு நம் ஊருக்கு வருவோம். ஒரு கிராமத்து வீடு. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவருக்குப் பக்கவாதம் வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கையும் காலும் சரியாக வரவில்லை. அந்தத் திண்ணையில் நான்கு மாணவர்கள் வந்து உட்காருகிறார்கள்.

மருத்துவ மாணவர் பிபி பார்க்கிறார். மாத்திரை சாப்பிட்டும் அளவு ஏறி இறங்குகிறது, ஏன் என்று புரியவில்லை. மருந்தியல் படிக்கும் பெண் மாத்திரைப் பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்கிறாள். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை ஒன்று, டவுனில் தனியார் டாக்டர் எழுதிக்கொடுத்த அட்டை ஒன்று. பெயர்கள் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது அம்லோடிபின் என்ற ஒரே பிபி மருந்து. சில நாள் பெரியவர் இரண்டையும் விழுங்குகிறார். தலை சுற்றியதும் பயந்து இரண்டையும் விட்டுவிடுகிறார். மருத்துவ மாணவர் தேடிய பதில் அந்தப் பையில் இருந்தது.

செவிலிய மாணவி பெரியவரைத் திருப்பிப் படுக்கவைத்து இடுப்பைப் பார்க்கிறாள். தோல் சிவந்து கன்றிப்போயிருக்கிறது. இன்னும் சில நாள் விட்டால் படுக்கைப்புண். மனைவியிடம், "ஆயா, ராத்திரியில் எத்தனை தடவை திருப்பிப் படுக்கவைக்கிறீங்க?" என்று கேட்கிறாள். அந்த அம்மாவுக்கே முழங்கால் வலி, தனியாகத் தூக்க முடியாது என்பது அப்போதுதான் வெளியே வருகிறது. பிசியோதெரபி படிக்கும் பையன் வீட்டையே அளந்துகொண்டிருக்கிறான். வாசற்படி உயரம், கட்டிலின் உயரம், பின்கட்டுக்குப் போகும் வழி. கழிப்பறை இருக்கிறது, ஆனால் குத்துக்காலிட்டு உட்காரும் வகை. இந்தக் காலை வைத்துக்கொண்டு அதில் உட்கார முடியாது. அதனால்தான் அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார், மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் இருந்து கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டையில் இது எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது, எழுதியவர் அந்தக் கழிப்பறையைப் பார்க்கவில்லையே.

இதில் பெரிய மருத்துவ விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, கவனித்திருப்பீர்கள். நால்வரும் தத்தம் பாடத்தில் படித்ததைத்தான் செய்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் இவர்கள் பார்க்கும் நோயாளி ஏற்கனவே வார்டு வார்டாகப் பிரிக்கப்பட்டவர். வீட்டில் அப்படிப் பிரித்துக் கொடுக்க ஆள் இல்லை. மாத்திரையும் முழங்கால் வலியும் கழிப்பறையும் ஒரே கூரையின் கீழ்தான் கிடக்கின்றன. மற்றவருடைய வேலை இல்லாமல் தன் வேலை முடியாது என்பதை ஒரு மருத்துவ மாணவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அந்த மாத்திரைப் பை ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 1988-லேயே ஒரு நிபுணர் குழு அறிக்கை வெளியிட்டு, சுகாதாரப் பணியில் சேர்ந்து உழைக்க வேண்டியவர்கள் சேர்ந்தே கற்க வேண்டும் என்று சொன்னது. 2010-ல் அதே கருத்தை விரிவாக்கி இன்னொரு வழிகாட்டியும் வந்தது. அறிக்கைகளைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

நியூசிலாந்தில் நடப்பது இதைவிடச் சுவையானது. அந்நாட்டின் கிழக்குக் கரையில் கிஸ்போர்ன், வைரோவா என்று இரண்டு ஊர்கள். மாவோரிப் பூர்வகுடி மக்கள் அதிகம் வாழும் பகுதி. ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2012 முதல் இறுதியாண்டு மாணவர்களை இங்கே ஐந்து வாரம் அனுப்புகிறது. மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி, உணவியல் என்று பல படிப்புக்காரர்கள். வெவ்வேறு படிப்புக்காரர்கள் ஒரே வீட்டைப் பகிர்ந்து தங்குகிறார்கள். மாவோரி மக்களின் பண்பாடும் மொழியும் பயிற்சியில் சேர்ந்த பாடங்கள். உள்ளூர் அமைப்பு ஒன்றுக்காக எல்லோரும் சேர்ந்து ஒரு வேலையை முடித்துக் கொடுக்கவும் வேண்டும். என்னைக் கேட்டால் இதில் அதிகப் பலன் தருவது அந்த ஒரே வீடுதான். இன்றைக்கு யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டவர்கள், நாளைக்கு ஒரு நோயாளியைப் பற்றி, "நீங்க சொல்றது சரியில்லையே" என்று தயங்காமல் சொல்வார்கள். வகுப்பறையில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்தால் அந்தத் துணிச்சல் வராது.

நம் நாட்டுக்கும் கிராமத்தில் பயில்வது புதிதில்லை. மகாராஷ்டிரத்தில், காந்தி ஆசிரமம் இருக்கும் சேவாகிராமத்தில் 1969-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, ஒவ்வோர் அணி மாணவர்களையும் ஒரு கிராமத்தோடு இணைத்துவிடும் வழக்கத்தைத் தொடர்ந்து வருகிறது. வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் தங்கிப் பயில்வதும் பல பத்தாண்டுப் பழக்கம். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், எம்.பி.பி.எஸ். மாணவர்கள் எல்லோரும் முதலாண்டிலேயே சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்று விதித்தது. நல்ல விதிதான். ஆனால் அது மருத்துவ மாணவர்களுக்கு மட்டும். செவிலியக் கல்லூரி மாணவிகளுக்குச் சமூக நலப் பயிற்சி தனியாக இருக்கிறது, அதற்குத் தனி நோட்டு, தனிப் படிவம். ஆக ஒரு வீட்டுக்கு இன்றைக்கு ஒரு பஸ்ஸில் வந்து, "வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் இன்னொரு பஸ் வரும். கேள்விகள் அவையேதான். அந்த வீட்டு அம்மா இரண்டு முறையும் டீ போட்டுக் கொடுத்திருப்பார். கேட்டுவிட்டுப் போனவர்களால் அந்த வீட்டுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ்., செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் பட்டம் தருவது பெரும்பாலும் ஒரே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஆனாலும் ஒவ்வொரு படிப்புக்கும் டெல்லியில் தனித்தனி ஒழுங்குமுறை அமைப்பு, தனித்தனிப் பாடத்திட்டம், தனித்தனித் தேர்வு மாதம். நான்கு படிப்பு மாணவர்களுக்கும் ஒரே நான்கு வாரம் ஓய்வாகக் கிடைப்பது அபூர்வம். இது பெரிய தத்துவச் சிக்கல் ஒன்றும் இல்லை, கால அட்டவணைச் சிக்கல். ஆனால் பல நல்ல யோசனைகள் செத்துப்போவது தத்துவத்தால் அல்ல, கால அட்டவணையால்தான்.

இன்னொரு சிக்கல் அட்டவணையில் தெரியாது. கிராமத்து ஜனங்கள் வெள்ளைக் கோட்டு போட்ட மருத்துவ மாணவரை, அவர் முதலாண்டாக இருந்தாலும், "வாங்க டாக்டர்" என்பார்கள். செவிலிய மாணவியை "சிஸ்டர்" என்பார்கள். மருந்தியல் மாணவியைப் பார்த்து, "நீ என்ன படிக்கிற தாயி?" என்பார்கள். இந்த வரிசை மாணவர்களிடமும் தானாக ஒட்டிக்கொள்கிறது. குழுத் தலைவர் யார் என்று யாரும் கேட்பதில்லை, தானாகவே முடிவாகிவிடுகிறது. இதை உடைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, மாணவர்களைக் கிராம சுகாதாரச் செவிலியரின் கீழ் வேலை செய்யவிடுவது. ஊரார் நர்சம்மா என்று கூப்பிடும் அவருக்கு எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் மருமகள் பேசமாட்டாள் என்பதெல்லாம் தெரியும். நான்கு மாணவர்களுக்கும் மதிப்பெண் போடும் அதிகாரத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது கோந்தருக்குத் திரும்புவோம், அந்த இரண்டாவது பாதிக்கு. 1958-ல் எத்தியோப்பியாவின் உயர்நிலங்களில் மலேரியா மறுபடியும் பரவியது. சுமார் 30 லட்சம் பேர் நோயுற்று, 1.5 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். அப்போது கல்லூரிக்கு நான்கு வயது. அத்தனை பெரிய நாட்டுக்குக் கோந்தரில் இருந்து வெளியேறிய குழுக்கள் போதவில்லை. ஆனாலும் அதற்குப் பின் பல ஆண்டுகள் கிராமத்துச் சுகாதார நிலையங்களின் முதுகெலும்பாக இருந்தவர்கள் அவர்கள்தான். பிறகு அணி கலையத் தொடங்கியது. ஹெல்த் ஆபிசர்களில் பலர் மேற்படிப்புக்குப் போய் டாக்டராகவோ அதிகாரியாகவோ ஆனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிராமத்தில் இருப்பவருக்கு மேலே ஏற வழி வைக்காவிட்டால் அவர் வெளியே போகும் வழியைத்தான் தேடுவார். 1974-ல் மன்னராட்சி கவிழ்ந்தது. 1978-ல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் துணையோடு கோந்தர் ஒரு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. ஹெல்த் ஆபிசர் படிப்பு நின்றே போனது. அது மறுபடி வந்தது 1990-களின் நடுவில். இதற்கிடையே, 1983-ல் தெற்கே ஜிம்மாவில் தொடங்கிய சுகாதாரக் கல்லூரி, சமூகத்தில் இருந்தே கற்பது என்பதைத் தன் அடிப்படையாக வைத்துக்கொண்டு, எல்லாப் படிப்பு மாணவர்களையும் குழுவாகச் சுகாதார நிலையங்களுக்கு அனுப்பும் பயிற்சியை விடாமல் நடத்திவருகிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு திசையில் இருந்து இதே இடத்துக்கு வந்திருக்கிறோம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். நான் சொன்ன அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போகும் குழு உண்மையிலேயே இருக்கிறது. சேர்ந்து பயிலும் பாதிதான் இன்னும் வரவில்லை. செவிலியரும் பிசியோவும் வெவ்வேறு கல்லூரியில், வெவ்வேறு ஆசிரியரிடம் படித்துவிட்டு, வேலையில் சேர்ந்த பிறகு ஒரே வண்டியில் ஏறி அறிமுகமாகிறார்கள்.

மாவட்டத்துக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் போதும், தொடங்க. மாணவிகளும் பயமில்லாமல் தங்குவதற்குப் பூட்டுள்ள அறை, ஓடும் தண்ணீர், நான்கு படிப்புக்கும் பொதுவான நான்கு வாரம். அந்த நான்கு வாரமும் அவர்கள் ஏற வேண்டியது கல்லூரிப் பஸ் அல்ல, 'மக்களைத் தேடி மருத்துவம்' வண்டி. படிவம் ஒன்றே ஒன்று, அது அந்த நிலையத்திலேயே இருக்க வேண்டும். அடுத்து வரும் அணி முதல் கேள்வியில் இருந்து மறுபடி தொடங்காமல், முந்தைய அணி விட்ட இடத்தில் இருந்து தொடர வேண்டும்.