சாலையோர முள்

அன்பார்ந்த பஞ்சாயத்து அங்கத்தினர்களே, விவசாயப் பெருமக்களே!

சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தினின்று புறப்பட்டு, காவிரிப் பாலம் கடந்து, திருச்சி வழியாகப் புதுக்கோட்டைக்குச் சைக்கிளில் தனியே சென்றேன். நெடுஞ்சாலையை விடுத்துக் கிராமச் சாலைகளையே நாடினேன். 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியில் மூன்று முறை டயரில் முள் ஏறிற்று. யாவும் வேலி வெட்டியவர்கள் ஓரத்திலேயே போட்டுச் சென்ற சீமைக் கருவேல முள். கடைசி முறை ஒட்டுப்போடக் கடையில்லை. இருட்டும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

நான் ஆண்பிள்ளை, பாதகமில்லை. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்துடன் சைக்கிளும் கற்பித்ததால், ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் தனியே செல்லத் துணிந்த வழிகள் அல்லவா இவை! இன்று பள்ளி மாணவியரும் செல்கின்றனர். வேலி வெட்டுவோர் முள்ளை அன்றே அகற்ற வேண்டுமென அடுத்த கிராம சபையில் தீர்மானம் செய்யுங்கள். பஞ்சாயத்து வேலையாயின் அதற்குரிய கூலியையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.