பள்ளிக்கூடக் குஸ்தி நிலைத்து நிற்க

(அறக்கட்டளைப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



வரும் கல்வியாண்டு முதல் நம் பள்ளியில் மல்யுத்தப் பயிற்சி தொடங்க நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்கு உங்கள் சம்மதத்தையும் ஒத்துழைப்பையும் கேட்கவே இன்று கூடியிருக்கிறோம்.

குஸ்தி நமக்கு அந்நியமானதல்ல. குஸ்தி, பயில்வான், வஸ்தாது என்று நம் ஊர்களில் புழங்கும் சொற்களே பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தவைதாம். மக்காவில் பெயர்பெற்ற பலசாலியான ருகானாவை நபி (ஸல்) அவர்கள் மல்யுத்தத்தில் வீழ்த்திய செய்தி அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. உஹதுக்குப் புறப்பட்ட படையில் ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) சேர்க்கப்பட்டதும், "அவரை நான் வீழ்த்துவேனே" என்ற கருத்தில் முறையிட்ட சமுரா பின் ஜுன்துப் (ரலி), அவ்வாறே மல்லுக்கு நின்று வென்று தாமும் சேர்ந்ததை சீரா நூல்கள் சொல்கின்றன. இருவரும் அப்போது நம் மேல்வகுப்புப் பிள்ளைகளின் வயதினர்.

எனவே தொடங்கலாமா என்பது நம் கவலை இல்லை. தொடங்கியது நிற்குமா என்பதுதான் கவலை. பள்ளிகளில் இதுபோன்ற பயிற்சி விழாவோடு ஆரம்பமாகும். ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் இருக்கும் வரை நடக்கும். அவர் போனதும் மேட்டைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள்.

மகாராஷ்டிர மாநிலம் கராடுக்கு அருகில் கோலேஷ்வர் என்ற சிற்றூரில் பிறந்தவர் காஷாபா ஜாதவ். மண் கோதாவில் பழகிய அவர், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மேட்டின் மீது மல்லாடி ஆறாம் இடம் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கி செல்லக் கையில் பணமில்லை. அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்டிகர், தம் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. ஊர் வந்ததும் குஸ்திப் போட்டிகள் நடத்திப் பணம் திரட்டி, ஆசிரியர் பட்ட கடனை அடைத்தார்.

அமானிதம் பேணுவதற்கு நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க வரலாறு இது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குஸ்தியில் நம் நாட்டுக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2008இல்தான் வந்தது. இடையில் 56 ஆண்டுகள். கோலாப்பூரில் பயில்வான்களுக்கோ பார்வையாளர்களுக்கோ பஞ்சமில்லை. ஆனால் மேட்டும் அதற்கேற்ற பயிற்சியும் பல கோதாக்களுக்கு வெகுகாலம் எட்டவில்லை. ஒரு நல்லவர் வீட்டை அடமானம் வைத்து ஒரு வீரரை அனுப்பிவிடலாம். ஆண்டுதோறும் பிள்ளைகள் வந்து பழகுவதற்கு அது போதாது. அந்தச் சுமையை ஜமாஅத் முழுவதும் சிறிது சிறிதாகத் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதை எப்படிச் செய்யப் போகிறோம் என்று சொல்கிறோம்.

முதலாவது, ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளைச் சேர்ப்போம். பள்ளி விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று நடப்பதால், இன்று சேரும் சிறுவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்படியாக ஏறலாம். பெரியவன் சின்னவனுக்குக் கற்றுத்தர வேண்டும். முதல் ஆண்டு வெளிப்போட்டி கிடையாது. அடிபடாமல் விழுவது, தண்டால், பஸ்கி, அடிப்படைப் பிடிகள் மட்டுமே.

இரண்டாவது, பயிற்சியாளர் ஒருவரை மட்டும் நம்பியிருக்க மாட்டோம். நம் உடற்கல்வி ஆசிரியரும் கூடவே கற்றுக்கொள்வார். ஒவ்வொரு பிள்ளையின் வருகை, எடை, காயம் மூன்றும் பதிவேட்டில் இருக்கும். யார் போனாலும் அடுத்தவர் அதைப் பார்த்துத் தொடரலாம்.

மூன்றாவது, பணம். முழு அளவு மேட் 12 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், செலவு பெரிதுதான். இதற்கு ஜகாத் நிதியில் ஒரு ரூபாயும் எடுக்க மாட்டோம். அதற்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆன் வகுத்திருக்கிறது. இதற்கென்று தரப்படும் நன்கொடையை மட்டும் தனிக் கணக்கில் வைத்து, வரவு செலவை ஆண்டுதோறும் இவ்விதழில் வெளியிடுவோம். ஒரே முறை பெருந்தொகை தருவதைவிட, மாதந்தோறும் தவறாமல் தரும் சிறு தொகையையே விரும்புகிறோம்.

நான்காவது, உடல்நலம். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி வீரர்கள், போட்டிக்கு முன் அவசரமாக எடை குறைக்க முயன்று உயிரிழந்தார்கள். தண்ணீரைக் குறைத்து, ரப்பர் உடை அணிந்து, சூடான அறையில் பயிற்சி செய்ததன் விளைவு அது. பின்னர் அங்கே விதிகள் கடுமையாயின. உயர்நிலைப் பள்ளி மாணவனின் உடற்கொழுப்பு 7 சதவீதத்துக்குக் கீழே போகும்படி எடை குறைக்க அனுமதியில்லை, வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேலும் குறைக்கக் கூடாது. நம் பள்ளியில் இன்னும் எளிய விதி: எடைப் பிரிவுக்காக எந்தப் பிள்ளையும் பட்டினி கிடக்கக் கூடாது. இருக்கிற எடையில் ஆடட்டும். ரமளானில் நோன்பு வணக்கமாக இருக்கட்டும். எடை குறைக்கும் வழியாக ஆகிவிட வேண்டாம். அம்மாதம் கடும்பயிற்சி இருக்காது.

படர்தாமரை குஸ்தி மேட்டில் எளிதில் பரவும். ஆகவே மேட்டைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைப்போம். நகம் வெட்டாத பிள்ளையும் தோலில் புண்ணுள்ள பிள்ளையும் அன்று மேட்டில் இறங்க முடியாது. பயிற்சி முடிந்ததும் குளியல் கட்டாயம். காதுக்குக் கவசம் வாங்கித் தருவோம்.

உடையைப் பற்றிக் கேட்டீர்கள். பயிற்சியில் முழங்காலுக்குக் கீழே வரும் இறுக்கமில்லாத கால்சட்டையும் மேல்சட்டையும் அணிவார்கள், சத்ர் பேணப்படும். பெண் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று சில தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டது நியாயம். பெண் பயிற்சியாளரும் தனி இடமும் அமைந்ததும், இன்ஷா அல்லாஹ், தொடங்குவோம்.

வாரம் மூன்று நாள், அஸர் முதல் மஃரிப் வரை பயிற்சி. தொழுகைக்கோ பாடத்துக்கோ இடையூறு வராது. அந்நேரம் கைப்பேசியில் மூழ்கும் பிள்ளைகளை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர இதைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை.

மல்யுத்தத்தில் அடுத்தவரை வீழ்த்துபவர் பலசாலி அல்லர், கோபம் வரும்போது தம்மை அடக்குபவரே பலசாலி என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அதையே எங்கள் பயிற்சிக்கு அளவுகோலாக வைத்திருக்கிறோம். வெளியே யாரிடமாவது பிடியைக் காட்டிய பிள்ளை, பதக்கம் வாங்கியவனாக இருந்தாலும் மேட்டை விட்டு வெளியேற்றப்படுவான்.

முதல் ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எங்களைக் கேட்காதீர்கள். ஐந்தாம் ஆண்டில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெற்றோர் சம்மதப் படிவம் அலுவலகத்தில் கிடைக்கும். வாப்பா, உம்மா இருவரும் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டுத் தாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு உடல் வலிமையையும் உள்ளத்தில் அடக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.