நாலு கம்பியா, நூற்றி இருபதா?

வெர்டிகல் ஆன்டெனா நிறுத்த நினைக்கிற எந்த ஹாமும் முதல்ல முட்டி நிக்கிற கேள்வி இது: ரேடியல் கம்பிகளை மண்ணுல புதைக்கணுமா, தூக்கிக் கட்டணுமா?

7 மெகாஹெர்ட்ஸ் பேண்டை எடுத்துக்குவோம். கால் அலை நீளம்னா சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு குழாய். ஆனா அது பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி கீழே இருக்கிற தரை. கரண்ட் அது வழியாத்தான் திரும்பி வரணும். மண்ணோ மோசமான கடத்தி, பவரைச் சூடாக்கி வீணடிக்கும். அதுக்கு நாம போட்டுத்தர்ற ரோடுதான் ரேடியல்.

இங்கதான் மீட்டர் நம்மள ஏமாத்தும். நல்ல தரை மேல கால் அலை வெர்டிகலோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 36 ஓம், எஸ்டபிள்யூஆர் 1.4 காட்டும். உங்களுக்கு அழகா 1 காட்டுதா? அப்போ 50 ஓம்ல 14 ஓம் மண்ணோடது. 100 வாட் விட்டா 28 வாட் மண்புழுவுக்குத்தான்! கம்பி கூடக்கூட எஸ்டபிள்யூஆர் ஏறினா பயப்படாதீங்க, அது நல்ல செய்தி.

1937-ல ஆர்சிஏ இன்ஜினியர்கள் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் மூணு பேரும் 113 கம்பி வரைக்கும் புதைச்சு அளந்தாங்க. அமெரிக்க ஏஎம் ஸ்டேஷன்களோட 120 ரேடியல் வழக்கத்துக்கு அடித்தளம் அதுதான். ஒலிபரப்பு நிலையத்துக்குச் சரி. நமக்கு அவ்வளவு செம்பு வாங்கவே லோன் போடணும்.

அப்புறம் ரூடி செவர்ன்ஸ்னு ஒரு அமெரிக்க ஹாம், 2009 வாக்குல க்யூஇஎக்ஸ் பத்திரிகையில தன்னோட அளவீடுகளை வெளியிட்டார். தரையில 64 கம்பி போட்டதும், சுமார் 1.2 மீட்டர் உயரத்துல வெறும் 4 கம்பி கட்டினதும் கிட்டத்தட்ட சமம்!

உடனே ஏணியைத் தூக்காதீங்க. புதைச்ச கம்பி ரொம்ப சாது. நீளம் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் கண்டுக்காது. தூக்கிக் கட்டின நாலும் அப்படி இல்ல. ஒண்ணு சுவர் பக்கம் போனாலோ, நீளம் கொஞ்சம் மாறினாலோ, கரண்ட் சமமாப் பிரியாது. கோஆக்ஸ் கேபிளோட வெளிப்பக்கமும் கமுக்கமா அஞ்சாவது ரேடியலாயிடும். அதனால ஆன்டெனா அடியிலேயே ஒரு சோக் கட்டாயம்.

இன்னொண்ணு, இது விளையாட்டில்ல. தூக்கிக் கட்டின கம்பியோட நுனியில, டிரான்ஸ்மிட் பண்றப்போ வோல்டேஜ் எகிறும். 1.2 மீட்டர்னா ஒரு குழந்தையோட உயரம். துணி காயப்போடுற கொடின்னு நினைச்சு யாரும் பிடிச்சா சுட்டுடும்.

தோட்டம் இருந்தா என் ஓட்டு தரைக்குத்தான்: 16-ல ஆரம்பிச்சு, காசு வர்றப்போ 32 ஆக்குங்க. 120-க்கு ஓடாதீங்க, போகப்போக ஆதாயம் சுருங்கும். அபார்ட்மென்ட் மொட்டை மாடின்னா புதைக்க மண்ணே கிடையாது, நாலு கம்பிதான். ஆள் தலைக்கு மேல, நுனியில இன்சுலேட்டர் போட்டுக் கட்டுங்க. கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற இரும்புக் கம்பி டியூனிங்கை இழுக்கும். அதனால நெட்ல போட்ட நீளத்துக்கு வெட்டாம, கொஞ்சம் கூடவே விட்டு, மாடியிலேயே அளந்து நாலையும் ஒரே மாதிரி நறுக்குங்க.