காளைக்குச் சேரவேண்டியது



புனே மாவட்டத்தின் ஜுன்னர், ஆம்பேகாவ், ஷிரூர், மாவள் வட்டாரங்களில் ஊர்த் திருவிழா என்றாலே மாட்டுவண்டிப் பந்தயம்தான். மராத்தியில் 'பைல்காடா ஷர்யத்' என்பார்கள். கொம்புக்கு வண்ணம், நெற்றிக்குக் குலால் பொடி, இருபுறமும் நெருக்கியடிக்கும் கூட்டம். 'பிர்ர்ர்' என்ற குரல் எழுந்ததும் காளைகள் பாயும். சில விநாடிகளில் பந்தயம் முடிந்துவிடும். அந்தச் சில விநாடிகளைப் பற்றித்தான் நம் நீதிமன்றங்களில் பத்தாண்டுக்கு மேல் வழக்கு நடந்தது. நம் ஜல்லிக்கட்டும் அதே வழக்கில்தான் இருந்தது.

2014 மே 7 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு ஜல்லிக்கட்டையும் மகாராஷ்டிரத்தின் வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. காளையின் உடலமைப்பு உழவுக்கும் பாரம் இழுக்கவும் ஏற்றது, குதிரையைப் போல் பந்தயம் ஓட ஏற்றதல்ல என்றது அந்தத் தீர்ப்பு. பசி தாகம் இல்லாமை, அச்சம் இல்லாமை, வலி இல்லாமை உள்ளிட்ட ஐந்து சுதந்திரங்கள் விலங்குகளுக்கு உண்டு என்றும் சொன்னது.

2017-இல் ஜல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் போராட்டம் எழுந்தது. தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் தத்தம் சட்டங்களைத் திருத்தின. மகாராஷ்டிரத்தின் பந்தயங்களுக்கு மும்பை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கடைசியாக 2023 மே 18 அன்று, நீதிபதி கே.எம்.ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு இரு மாநிலத் திருத்தங்களும் செல்லும் என்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று நம் அரசியலமைப்பு சொல்லவில்லை, அப்படி ஏதும் தேவை என்றால் அதைச் சட்டமன்றம்தான் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சட்டமன்றம் என்றால் யார்? நாம்தான். ஆகவே கேள்வி இப்போது நம் முன்னால் இருக்கிறது. நீதி என்று ஒன்று இருக்குமானால், அதில் காளைக்குப் பங்கு உண்டா?

பந்தயக்காரர்கள் சொல்வதை முதலில் கேட்போம். டிராக்டர் வந்தபின் காளைக்கு வயலில் வேலை இல்லை. பந்தயம் இருப்பதால்தான் கில்லார் இனக் காளையை இன்னும் வளர்க்கிறார்கள். நம் ஊர்க் காங்கேயத்துக்கும் இதே வாதம் சொல்லப்பட்டது. மகாராஷ்டிரத்தில் 2015 முதல் காளையையும் எருதையும் அறுக்கத் தடை இருக்கிறது. வேலையும் இல்லை, விற்கவும் முடியாது என்றால் விவசாயி அந்த மாட்டுக்கு எங்கிருந்து தீனி போடுவார்? பிள்ளையைப் போல் வளர்க்கிறோம் என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. போளா பண்டிகையில் அந்தக் குடும்பங்கள் மாட்டைக் குளிப்பாட்டி, அலங்கரித்து, பூரண்போளி ஊட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஆனால் அன்பு என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஒருவர் ஊட்டுவார், இன்னொருவர் வாலை முறுக்குவார். இரண்டு மாடுகளுக்கும் வலி ஒன்றுதான். யார் வீட்டுத் தொழுவத்தில் பிறந்தோம் என்பதை வைத்து ஓர் உயிரின் பாடு முடிவாகுமானால், அதைக் கருணை என்று சொல்லலாம். நீதி என்று சொல்ல முடியாது. உரிமை என்பது உரிமையாளர் நல்லவரா கெட்டவரா என்று பார்க்காமல் சேர வேண்டியது.

2022-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் சிகலியில் நடந்த பந்தயத்தின் பரிசுகளில் ஜேசிபி இயந்திரமே இருந்தது. பரிசு அந்த அளவுக்கு வளரும்போது, மாட்டின் வலியை மறந்துவிடும்படி நல்ல மனிதரையும் ஆசை தூண்டும். அன்பு தடுமாறும் அந்த இடத்தில்தான் சட்டம் நிற்க வேண்டும்.

மாட்டுக்கு ஓட்டுரிமையா, சொத்துரிமையா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி யாரும் கேட்கவில்லை. உரிமை எத்தனை எளிமையானது என்பதைப் பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளில் பார்க்கலாம். ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது. அவ்வளவுதான். ஆனால் கரும்பு அரவைக் காலத்தில் மேற்கு மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆலைச் சாலைகளில், தலைக்கு மேல் கரும்பு அடுக்கிய வண்டியை இழுத்துப் போகும் எருதுக்கு இப்படி ஒரு விதி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வண்டியை ஓட்டுபவர் பீட் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்கு வந்த கூலித் தொழிலாளியாக இருப்பார். டன் கணக்கில்தான் அவருக்குக் கூலி. மாட்டின் சுமை குறைய வேண்டுமானால் அவர் கூலி உயர வேண்டும். இரண்டு நீதியும் ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1952-இல் மாநிலங்களவைக்குப் போன நம் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாவே 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. பின்னர் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டப்படி ஒரு மாட்டை அடித்து வதைத்தவருக்கு, முதல் முறை என்றால், அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அன்று அது பணம். இன்று ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகும் காசு. ஓர் உயிரின் வலிக்கு இவ்வளவுதான் விலை என்று சட்டப் புத்தகம் சொல்லிக்கொண்டிருக்கும்வரை, உரிமை உண்டா இல்லையா என்ற வாதமே வெறும் பேச்சு.

ஆகவே என் கருத்து இது. நீதி என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், வலியை உணரும் உயிருக்கு, வேடிக்கைக்காக வதைபடாத உரிமையைச் சட்டமே எழுதித் தர வேண்டும். அபராதம் உயர வேண்டும். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் காளையைச் சோதிக்கும் கால்நடை மருத்துவருக்கு, ஓட விடாதே என்று சொல்லும் அதிகாரம் வேண்டும். ஓய்ந்துபோன மாட்டுக்குத் தீனி போடும் பொறுப்பு விவசாயியின் தலையில் மட்டும் விழாமல், அறுக்கத் தடை போட்ட அரசும் அதில் பங்கேற்க வேண்டும். இவற்றைச் சட்டமன்றத்தில் எழுப்பும்படி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள். காளையால் மனுக் கொடுக்க முடியாது. அதற்காகக் கேட்க நம்மால் முடியும்.