ஏப்ரல் 14



ஏப்ரல் 14 என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது அண்ணல் அம்பேத்கரின் திருப்பெயர். 1891ஆம் ஆண்டு அந்நாளில், மாவ் படைநகரில், இராம்ஜி சக்பாலின் பதினான்காம் மகவாக அவர் பிறந்தார். வேறு ஆண்டுகளில் அதே தேதியில் உலகில் என்னென்ன நிகழ்ந்தன என்று நூல்களைப் புரட்டிப் பார்த்தோம். கிடைத்தவை நம்மை வியப்பில் ஆழ்த்தின.

டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது 1912இல் அந்நாள் இரவுதான். 1944இல் அதே நாள் பிற்பகலில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் தங்கமும் ஏற்றி நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கைன் என்னும் கப்பல் வெடித்துச் சிதறியது. தீயணைக்கச் சென்ற வீரர்கள் 66 பேர் மாண்டனர். அப்போது வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல். அன்று அவருக்கு 53 வயது நிறைந்தது. நாள் பார்ப்போர் இதனைக் கேட்டால் ஏப்ரல் 14 ஆகாத நாள் என்று ஒதுக்கி விடுவார்கள்! நாமோ அதற்கு மாலை சூட்டுகிறோம்.

நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது அமெரிக்கச் செய்தி. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலத்தார் சம்டர் கோட்டையைத் தாக்கினர். 1861 ஏப்ரல் 14 அன்று ஆண்டர்சன் என்னும் தளபதி கொடியை இறக்கிக்கொண்டு கோட்டையை விட்டு வெளியேறினார். நான்காண்டுப் போர் ஓய்ந்தபின், 1865இல் அதே நாளில், அதே ஆண்டர்சன் அதே கொடியை அங்கு மீண்டும் ஏற்றினார். அன்றிரவே வாஷிங்டன் நாடக அரங்கில் லிங்கன் சுடப்பட்டார். மூன்று நாட்களுக்கு முன்புதான், கறுப்பருள் அறிவாற்றல் மிக்கோர்க்கும் படைவீரர்க்கும் வாக்குரிமை வேண்டுமென அவர் பேசியிருந்தார். அதனைக் கூட்டத்தில் நின்று கேட்டவர்களுள் ஒருவன்தான் அவரைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத். வாக்குச்சீட்டின் விலை எத்தகையது பாருங்கள்!

லிங்கன் மறைந்த செய்தி கேட்டு, சார்லட் ஸ்காட் என்னும் முன்னாள் அடிமைப் பெண்மணி, விடுதலைக்குப் பின் தாம் ஈட்டிய 5 டாலரை நினைவுச் சின்னத்திற்கென அளித்தார். அவரைப் போன்றோர் தந்த பணத்தில் எழுந்த சிலை, 1876 ஏப்ரல் 14 அன்று திறக்கப்பட்டது. ஆயினும் சிலையின் வடிவைத் தீர்மானித்தவர்கள் பணம் தந்த கறுப்பர்கள் அல்லர். லிங்கன் நிற்க, விடுதலை பெற்றவன் அவர் காலடியில் மண்டியிட்டிருக்கிறான். விழாவில் பேருரை ஆற்றிய ஃபிரடெரிக் டக்ளஸ், தாமும் அடிமையாய்ப் பிறந்தவர். சில நாட்களில் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதத்தில், நிமிர்ந்து நிற்கும் கறுப்பரின் சிலையைத் தம் ஆயுளுக்குள் காண வேண்டும் என்றார்.

அந்த டக்ளஸுக்குத் தாம் பிறந்த நாள் தெரியாது. அடிமைப் பெண் ஈன்ற பிள்ளைக்கு யார் நாள் குறித்து வைப்பார்? பின்னாளில் பிப்ரவரி 14ஐத் தாமே தேர்ந்துகொண்டார்.

நம் நிலையும் வேறன்று. நம் பள்ளிச் சான்றிதழில் உள்ள ஜூன் 1 என்னும் தேதி, சேர்க்கை நாளில் ஆசிரியர் கணக்குப் பார்த்து எழுதியது. ஏரி உடைந்த ஆண்டு, கேழ்வரகு அறுப்புக்கு முன் என்று மட்டுமே நம் அன்னையார் சொல்வார். தலைமையாசிரியரான பின் நாமும் பல குழந்தைகளுக்கு அவ்வாறே எழுதியிருக்கிறோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் சட்டம் 1969இலேயே வந்துவிட்டது. நம் தெருவுக்கு அது வந்து சேரத்தான் நெடுநாளாயிற்று.

வாயிலருகே பதிவேடு ஒன்று வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டு முதியோர் நினைவில் உள்ள பிறப்பு, இறப்பு, முதன்முதல் பள்ளி சென்றவர் பெயர், ஏரி உடைந்த ஆண்டு ஆகியவற்றைச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள நம் மாணவர் இருவர் அங்கே அமர்ந்துள்ளனர்.